அருணாசலம் சாரின் வலது பக்கம்

உங்களில் பாதிப் பேர் இந்தத் தொழிலுக்கு வந்த கதை எனக்குத் தெரியும். ஆசைப்பட்டு நல்ல ஸ்பீக்கர் வாங்கினீர்கள். கடையில் பாடிய மாதிரி அது வீட்டில் பாடவில்லை. கடைக்காரரோடு சண்டை போட்டீர்கள். பிறகு யாரோ ஒருவர் கூடத்தின் நடுவில் நின்று கை தட்டிப் பார்க்கச் சொன்னார். நீங்கள் தட்ட, சுவர் பதிலுக்குத் தட்டியது. அன்றிலிருந்து போகும் இடமெல்லாம் கை தட்டுகிறீர்கள். கல்யாண மண்டபத்தில்கூட. மற்றவர்கள் அட்சதை போடும்போது நீங்கள் எதிரொலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படி இருந்தவள்தான். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு கேலி செய்கிறேன்.

குஷாய்குடா பக்கத்தில் இருக்கும் பெரிய மின்னணுத் தொழிற்சாலையின் ஒலிச் சோதனைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வீடுகளில் பாட்டுக் கேட்கும் அறைகளைச் சரிசெய்து கொடுக்க ஆரம்பித்தேன். என்னோடு தச்சு வேலைக்கு யூசுஃப் பாய். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னைவிடக் குறைவாகப் பேசுபவர். இரண்டாவது விஷயத்தில் அவரை யாரும் பாராட்டத் தேவையில்லை, அது சுலபம். ஏணி ஏற முழங்கால் மறுத்த பிறகு நான் வேலையை விட்டேன். இப்போது நீங்கள் என்னை உட்கார்த்தி வைத்து, எந்த பேனல் நல்லது, எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட அதற்கு ஞாபகசக்தியும் அதிகம்.

நான் சொல்லப்போவது வேறு. எல்லா அளவும் சரியாக இருந்த ஒரு அறையைப் பற்றி.

அதற்கு முன் ஒரு வார்த்தை. எங்கள் தொழிலில் பழி எப்போதும் சுவர் மேல்தான் விழும். கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்து மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர், படுக்கையறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தார். ஊரிலிருந்து வந்த அவருடைய அம்மா, மகன் வேலையை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை வைத்துவிட்டான் என்று பயந்தே போய்விட்டார். "இன்னும் எத்தனை அட்டை ஒட்டணும் மேடம்?" என்று மகன் என்னைக் கேட்டார். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்தேன். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சுவரை மட்டுமே பார்க்கக் கூடாது என்று அன்றைக்கு நான் அவருக்குப் பெரிய உபதேசம் செய்தேன். அந்த உபதேசத்தை நானே கேட்டிருந்தால், அருணாசலம் சார் வீட்டில் ஐந்து மாதம் வீணாகியிருக்காது.

அருணாசலம் சார் ராமச்சந்திராபுரத்துக் கனரகத் தொழிற்சாலையில் டர்பைன் பிரிவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். ஓய்வுக்குப் பிறகு மாரெட்பள்ளியில் ஒரு ஃப்ளாட் வாங்கி, மூன்று படுக்கையறையில் ஒன்றைப் பாட்டுக்கென்றே ஒதுக்கியிருந்தார். ஓடுகிற இயந்திரத்தின் மேல் ஒரு கம்பியை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். இதை அவர் சொல்லவில்லை. அவருடைய மனைவி கோமதி அம்மாள் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். சொல்லிவிட்டு உடனே, "மிஷின் பேசுனா கேக்கும். நாம பேசுனா கேக்காது" என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் அவர் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்.

"மேடம், வலது பக்கம் மங்கலா இருக்கு. பாடுற அம்மா நடுவுல நிக்கணும்லா? ஜன்னல் பக்கமா ஒதுங்கி நிக்கா. வீணையும் அவ பின்னாலயே போயிருச்சு."

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் கேட்க வேண்டிய குரல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கேட்கிறது என்கிறார். ஜன்னல் இடது பக்கம். கண்ணாடி. வலது பக்கம் புத்தக அலமாரி. உங்களுக்கு இப்போதே கை துறுதுறுவென்று வருகிறது, தெரியும். ஒரு பக்கம் கண்ணாடி ஒலியைத் திருப்பி அடிக்கிறது, மறுபக்கம் புத்தகம் விழுங்குகிறது. பார்த்ததும் புரிகிற கேஸ். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பார்த்ததும் புரிகிற கேஸ் வந்தால் வாசலுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் குடிக்கவில்லை.

ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டோம். அலமாரியைப் பின்சுவருக்கு மாற்றினோம். இரண்டு பக்கமும் ஒலியை உறிஞ்சும் பேனல் ஒரே மாதிரி அடித்தார் யூசுஃப் பாய். மைக்கை அவருடைய நாற்காலியில், அவர் தலை இருக்கும் உயரத்தில் வைத்து அளந்தேன். இடதும் வலதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று படிந்த இரண்டு கோடுகள். அப்படிப்பட்ட வரைபடம் வாழ்க்கையில் நாலைந்து முறைதான் வரும். அதை அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"படம் நல்லாருக்கு" என்றார். "ஆனா அந்த அம்மா இன்னும் ஜன்னல்லதான் நிக்கா."

ஸ்பீக்கர்களை இடம் மாற்றிப் போட்டேன். அப்போதும் வலதுதான் மங்கல். வயரை மாற்றினேன். அப்போதும் வலதுதான். இந்த இடத்தில் நான் செய்ததைக் கவனியுங்கள். அளவு சரி, பொருள் சரி, அறை சரி. மிச்சம் இருப்பது என்ன என்று யோசிக்கவில்லை. "வயசானவர், மனசுல பதிஞ்சிருச்சு" என்று நினைத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரில் வலது பக்கச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். பாடுகிறவர் நடுவுக்கு வந்துவிட்டார். அருணாசலம் சார் முகம் மலர்ந்தது. கோமதி அம்மாள் சுடச்சுட உளுந்தவடை கொடுத்தார். எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அப்படி ஒரு பெருமை.

ஆட்டோவில் திரும்பும்போது யூசுஃப் பாய் தன் உருதுவில் சொன்னார்: "கமரே மே குச் நை மேடம். ஆத்மி கோ தேகோ." அறையில் ஒன்றுமில்லை, ஆளைப் பாருங்கள் என்றார். அவர் கிழவரின் பிடிவாதத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "நக்கோ, வேண்டாம் பாய், கஸ்டமரை அப்படிச் சொல்லக் கூடாது" என்று அவருக்கும் ஒரு உபதேசம் செய்தேன். அந்த வருடம் நான் உபதேசத்தில் நல்ல ஃபார்மில் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து போன். பாட்டு மறுபடி ஜன்னலுக்கு நகர்ந்துவிட்டதாம். போய் அளந்தேன். வலது பக்கம் இடதைவிடச் சத்தமாகவே இருந்தது, நான் தூக்கி வைத்த அளவுக்கு. அப்படியே இருந்தது, இம்மிகூட மாறவில்லை. மாறாத அறையில் பாட்டு எப்படி நகரும்? இதையும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்தேன். மறுபடி வடை. என் வாழ்க்கையில் தகுதியில்லாமல் சாப்பிட்ட வடைகளில் அந்த இரண்டு தட்டுக்கு முதலிடம்.

அதற்கும் மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. நான் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். அருணாசலம் சார் குரல் போனில் நடுங்கியது. கோபத்தில்.

"உடனே வாங்க மேடம். என் மானம் போகுது."

கீரைக்கட்டோடுதான் போனேன். யூசுஃப் பாய் பக்கத்திலேயே வேலையாக இருந்ததால் அவரும் வந்துவிட்டார். அறையில் தொழிற்சாலையில் உடன் வேலை பார்த்த நண்பர்கள் நாலு பேர், கம்பெனி டவுன்ஷிப்பிலிருந்து வந்தவர்கள், வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பல நாளாகப் பெருமை பேசி அழைத்து, அன்றுதான் முதல் முறையாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். பாட்டு ஆரம்பித்த உடனே வழுக்கைத் தலை நண்பர் ஒருவர் வலது காதைப் பொத்திக்கொண்டாராம். "என்னப்பா அருணாசலம், இந்தப் பக்கம் அலறுது. இதுக்கா ஆள் வெச்சு ரூம் கட்டினே?" மற்ற மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். ஒருவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, இன்னும் சிரிப்பு.

"சொல்லுங்க மேடம்" என்றார் அருணாசலம் சார். "இவங்க முன்னாலயே சொல்லுங்க. வலது பக்கம் சத்தமா இருக்கா, மங்கலா இருக்கா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கையில் கீரை. மைக் இல்லை, கணினி இல்லை, வரைபடம் இல்லை. அவையெல்லாம் இருந்திருந்தால் அன்றைக்கும் அவற்றின் பின்னால் ஒளிந்திருப்பேன். ஒன்றும் இல்லாததால், ஐந்து மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்.

"சார், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்க. ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி."

"எதுக்கு?"

"ஒரு நிமிஷம். எனக்காக."

யூசுஃப் பாய் நாற்காலியைத் திருப்பினார். அருணாசலம் சார் பின்சுவர் அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நான் ஆம்ப்ளிஃபயரில் தூக்கி வைத்ததையெல்லாம் இறக்கி, இரண்டு பக்கத்தையும் சமமாக்கி, பாட்டைப் போட்டேன். இப்போது ஜன்னல் அவருக்கு வலது பக்கம். முன்பு மங்கலாக இருந்ததாகச் சொன்ன ஸ்பீக்கர் இடது பக்கம். குறை அறையில் இருந்தால் மங்கல் இடதுக்கு வந்திருக்க வேண்டும்.

"எந்தப் பக்கம் சார் மங்கல்?"

"வலதுதான்" என்றார் பட்டென்று. "இப்பவும் வலதுதான்."

அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கம்பியைக் காதில் வைத்து பேரிங்கின் தேய்மானத்தைச் சொன்ன மனிதர். நான் நாற்காலியை ஏன் திருப்பச் சொன்னேன் என்பது அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்திருக்கும். நாற்காலியின் கைப்பிடியை அவர் கை இறுகப் பிடித்தது. வழுக்கைத் தலை நண்பர், "என்ன, என்ன விஷயம்?" என்று கேட்டார்.

எனக்கு யோசிக்க மூன்று விநாடி இருந்திருக்கும். உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்த நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"என் தப்புதான்" என்றேன். "போன தடவை நான் ஆம்ப்ளிஃபயரைத் தாறுமாறா வெச்சுட்டுப் போயிட்டேன். சார் காது நல்ல காது, அதான் உடனே கண்டுபிடிச்சுட்டார். இப்ப சரியாயிடுச்சு, கேட்டுப் பாருங்க."

நண்பர்கள் கேட்டார்கள். நன்றாக இருந்தது. நான் பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். பாதிதான் பொய். தாறுமாறாக வைத்தது நான்தானே. வழுக்கைத் தலை நண்பர் எனக்கு ஐந்து நிமிடம் அறிவுரை சொன்னார். வாங்கிக்கொண்டேன். கோமதி அம்மாள் அவர்களைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப் போனார். அறைக்குள் நானும் அருணாசலம் சாரும் மட்டும்.

"சார், நாளைக்குக் காலையிலேயே காது டாக்டரைப் பாருங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "நீங்க ரூமைப் பாக்க வந்தீங்களா, என் காதைப் பாக்க வந்தீங்களா?"

"ரூமைப் பார்க்கத்தான் வந்தேன். ரூம் நல்லாருக்கு."

"வயசானா கேக்காது. எல்லாருக்கும் உள்ளதுதானே? இதுக்கு டாக்டர் எதுக்கு?"

"வயசானா ரெண்டு காதும் சேர்ந்து மங்கும் சார். ஒரு பக்கம் மட்டும், அதுவும் அஞ்சு மாசத்துல படிப்படியா இறங்குதுன்னா, அது வயசு இல்லை."

"வெளியே போங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது கோமதி அம்மாள் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன எப்பவும் எடது காதுல வச்சுதான் பேசுதாவ. நான்கூட என்னன்னு கேட்டேன், பழக்கம்னாவ. காலைல எந்திரிச்சா செவரப் புடிச்சிக்கிட்டுதான் நடக்காவ. எங்கிட்ட சொல்ல மாட்டேங்காவ. நானும் கண்டும் காணாத மாதிரி இருந்துட்டேனே மேடம்."

"நானும்தான்மா" என்றேன். கீரையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து கோமதி அம்மாளிடமிருந்து போன். இரண்டு நாள் அவர் கணவரோடு பேசாமல் இருந்தாராம். "பேசுனாத்தான் கேக்கலேங்குதிய, அதான் பேசல" என்று மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் வைத்தாராம். மூன்றாம் நாள் அருணாசலம் சார் சட்டையை மாட்டிக்கொண்டு தானாகவே கிளம்பியிருக்கிறார். டாக்டர் காதைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு சின்னக் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டு வைத்தால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அழுத்தும். எடுத்தாக வேண்டும்.

எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. கட்டியோடு வலது காதின் கேட்கும் சக்தியும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போன அன்று, அந்த டாக்டர் அம்மாளை வராந்தாவில் தனியாக நிறுத்திக் கேட்டேன். ஐந்து மாதத்துக்கு முன்னால், நான் முதல் தடவை ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்த அன்றைக்கே சொல்லியிருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாமா? அவர் என்னை ஆறுதல்படுத்தப் பார்க்கவில்லை. "காப்பாத்தியிருக்கலாம்னும் சொல்ல முடியாது, முடியாதுன்னும் சொல்ல முடியாது. மெதுவா வளர்ற கட்டி இது. இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா நிலைமை வேற, அது மட்டும் தெரியும்." அந்தப் பதிலை நான் இன்றைக்கும் அப்படியேதான் வைத்திருக்கிறேன். அதில் எனக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முயன்றிருக்கிறேன். முடிவதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி கோமதி அம்மாள்.

"அந்த ரூமைப் பூட்டிட்டாவ மேடம். எல்லாத்தையும் வித்துரணும்ங்காவ. ஒத்தக் காதுக்கு எதுக்கு ரெண்டு ஸ்பீக்கர்னு கேக்காவ. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

எங்கள் தொழில் முழுக்க இரண்டு காதை நம்பி நடப்பது. நடுவில் நிற்கும் பாடகி, இடது பக்கம் வயலின், பின்னால் மிருதங்கம், எல்லாமே இரண்டு காதும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதால் வரும் காட்சி. ஒரு காதுக்கு அறை அமைப்பது எப்படி என்று நான் படித்ததில்லை, யாரும் சொல்லித் தந்ததில்லை.

சரி என்று என் வலது காதில் பஞ்சை அடைத்து, மேலே மெழுகு வைத்து மூடிக்கொண்டேன். தனியாக அவதிப்பட மனமில்லாமல் யூசுஃப் பாய்க்கும் அடைத்துவிட்டேன். இரண்டு நாள் பட்டறையில் அப்படியே வேலை பார்த்தோம். "யூசுஃப் பாய்!" என்று நான் கூப்பிட்டால், அவர் எதிர்ப்பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்து "ஹவ் மேடம்" என்று ஆமாம் போடுவார். குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதே தெரியவில்லை. நான் இடது பக்கம் யாரோ நிற்பதாக நினைத்து, மாட்டி வைத்திருந்த சட்டைக்கு வழிவிட்டேன். முதல் நாள் சிரித்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் இரண்டு பேருக்கும் தலைவலி. காலி அறையில் பேச்சும் எதிரொலியும் ஒன்றாகக் குழம்பி, ஒரு வார்த்தையைப் பிடிக்க முகத்தைச் சுளிக்க வேண்டியிருந்தது. "பேச்சாரா சாப்" என்றார் யூசுஃப் பாய். பாவம் அந்த மனுஷர் என்று அர்த்தம். அவர் சிரிக்காமல் சொன்னதால் நானும் சிரிக்கவில்லை.

ஆனால் அந்தத் தலைவலிதான் வழி காட்டியது. இரண்டு காது இருந்தால் எதிரொலியை ஒதுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரு காதால் அது முடியாது, அந்த வேலையை அறைதான் செய்ய வேண்டும்.

மாரெட்பள்ளிக்குப் போனேன். அருணாசலம் சார்தான் கதவைத் திறந்தார். அன்றைக்கு வெளியே போகச் சொன்னது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

"எதுக்கு வந்திய?" என்றார். இதுவரை என்னிடம் "வந்தீங்க"தான், இந்த "வந்திய" வீட்டுப் பேச்சு.

"ரூமைப் பார்க்க" என்றேன். "இந்தத் தடவை ரூம்தான் சரியில்லை."

அவர் வாய் ஓரம் லேசாக அசைந்தது. சாவியை எடுத்து வந்தார்.

வேலை நாலு நாள் நடந்தது. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றைக் கழற்றிக் கோமதி அம்மாளின் சமையலறைக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாகக் கலந்து, எதுவும் விட்டுப்போகாமல், மிச்சமிருந்த ஒரே ஸ்பீக்கருக்கு அனுப்பினோம். அதை அவருடைய இடது காதுக்கு நேராக, கொஞ்சம் முன்னால், நெருக்கமாக வைத்தோம். சாதாரணமாக நான் ஒத்துக்கொள்ளாத அளவுக்குச் சுவர்களில் கம்பளிப் பேனல் அடித்தோம். உங்களில் யாராவது அப்படிச் செய்தால் அறையைக் கொன்றுவிட்டாய் என்று திட்டுவேன். அவருடைய நாற்காலியைக் கேட்காத பக்கம் சுவரை ஒட்டி, கேட்கும் பக்கம் வாசலைப் பார்த்துப் போட்டோம். யார் உள்ளே வந்தாலும் அவருக்குத் தெரியும். பக்கத்தில் பேச வருபவர் எந்தப் பக்கம் உட்காருவது என்று யோசிக்கவே வேண்டாம், ஒரே பக்கம்தான் இருக்கிறது. கோமதி அம்மாள் சொல்லாமலே ஒரு பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து அங்கே போட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் நாதஸ்வரம் போட்டோம்.

அருணாசலம் சார் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். யூசுஃப் பாய் கருவிகளைப் பையில் எடுத்து வைக்கிற சாக்கில், ஒரே உளியை மூன்று முறை துடைத்தார். தவில் வந்து சேர்ந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வரைபடம் பார்க்கப் பழகிய கண்ணுக்கு மனிதர் முகம் படிக்க வராது என்று அப்போது தோன்றியது.

"முந்தி மாதிரி இல்ல" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"இல்லை சார். அது வராது."

"யார் எங்க நிக்காங்கன்னு தெரியல. எல்லாரும் ஒரே எடத்துல நிக்காங்க." அவர் விரல் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போட்டது. "ஆனா வந்திருக்காங்க."

கோமதி அம்மாள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சளி பிடித்திருக்கவில்லை.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப இருந்தேன். பாட்டு தனியாவர்த்தனத்துக்கு வந்திருந்தது. அருணாசலம் சார் புருவத்தைச் சுருக்கினார். தலையைச் சாய்த்தார். நிமிர்ந்தார். மறுபடி சாய்த்தார்.

"மேடம், தவில்ல அந்தக் கீழ்ச்சத்தம் இருக்குல்லா, அது கொஞ்சம் கொழகொழன்னு இழுக்கு. நின்னு நின்னு போகுது. கேட்டியளா?"

"ஆரம்பிச்சுட்டாவ" என்றார் கோமதி அம்மாள்.

எனக்குக் கேட்கவில்லை. மைக்கை எடுத்தேன். இந்த முறை அவர் காது இருந்த உயரத்தில், இடது பக்கம், சரியாக அந்த இடத்தில் வைத்தேன். அளந்தேன். கீழ்ச்சத்தத்தில் ஒரே ஒரு இடத்தில் வரைபடக் கோட்டில் சின்ன மேடு, என் கண்ணுக்கே இரண்டாம் பார்வையில்தான் தெரிந்தது. காரணம், பின்மூலையில் நாங்கள் அடைக்காமல் விட்ட ஒரு சந்து.

உங்களுக்குப் புகார்கள் வரும். என் முப்பத்தெட்டு வருஷத்தில் எனக்கு வந்த புகார்களிலேயே மனம் குளிர்ந்த புகார் அதுதான். கணினித் திரையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்த மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் சொன்னேம்லா?" என்றார்.

"சரியாச் சொன்னீங்க சார்" என்றேன். யூசுஃப் பாய் அதற்குள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின்மூலைக்குப் போயிருந்தார்.